யூட்டில்ஸ் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் வழு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

எந்த ப்ராஜெக்டைத் திறந்தாலும் 'யூட்டில்ஸ்' என்றோ 'ஹெல்பர்ஸ்' என்றோ ஒரு கோப்புறை இருக்கும். தேதியை எழுத ஒரு ஃபங்ஷன், பெயரைச் சுருக்க ஒரு ஃபங்ஷன், தொகையைப் பைசா சுத்தமாகக் காட்ட ஒரு ஃபங்ஷன். இந்தச் சின்ன ஃபங்ஷன்களைத்தான் ஹெல்பர் என்கிறோம். ஒவ்வொன்றும் பத்து வரிக்கு மேல் போகாது. எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, ஆனால் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். தப்பு ஒரே இடத்தில் இருக்கும், அதன் விளைவு இருபது திரைகளில் தெரியும். அதனால் முதலில் சந்தேகம் விழுவது அந்தத் திரைகளின் மேல்தான்.

கீழே நான் அடிக்கடி பார்த்த அறிகுறிகளையும் காரணங்களையும் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் இருக்கின்றன. உங்கள் அறிகுறி எதுவானாலும் சரி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். சந்தேகப்படும் ஹெல்பரைத் தனியாகக் கூப்பிடுங்கள். நோட்.ஜேஎஸ் கன்சோலையோ பைத்தான் ப்ராம்ப்டையோ திறந்து, ஆப்பில் அதற்குள் போன அதே மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். 'அதே மதிப்பு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெறும் பிரிண்ட் போட்டால் கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளி தெரியாது, வாட்ஸப்பிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் பூஜ்ய அகல எழுத்தும் தெரியாது. பைத்தானில் 'ஆஸ்கி' என்ற உள்ளமைந்த ஃபங்ஷன் வழியாக அச்சிட்டால் இடைவெளி மேற்கோள் குறிகளுக்குள் தெரியும், மறைந்த எழுத்துகள் எண் வடிவில் வெளியே வந்துவிடும். தனியாகக் கூப்பிட்டபோதும் விடை தப்பு என்றால் ஹெல்பரில் கோளாறு. கொடுத்த மதிப்புக்கு விடை சரி, ஆப்பிலும் ஹெல்பர் அதையேதான் தருகிறது என்றால் அதற்குள் போகும் மதிப்பு வேறெங்கோ கெட்டிருக்கிறது. அதே மதிப்புக்குத் தனியாகச் சரி, ஆப்புக்குள் தப்பு என்றால் பெரும்பாலும் ஹெல்பர் எதையோ நினைவில் வைத்திருக்கிறது. அந்த வகை கொஞ்சம் கீழே தனியாக வருகிறது.

அறிகுறி: சில பில்களில் மட்டும் நேற்றைய தேதி

ஒரு மொத்தக் காய்கறி மண்டிக்கு எழுதிய பில்லிங் ஆப்பில் எனக்கு நேர்ந்தது இது. பகல் முழுக்கச் சோதித்தோம், ஒரு குறையும் இல்லை. ஆனால் மண்டியில் வியாபாரம் சூடு பிடிப்பதே விடிகாலை இரண்டு, மூன்று மணிக்கு. அந்த நேரத்துப் பில்களெல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் விழுந்தன. கணக்கெழுதுபவர் மூன்று நாள் கல்லாவை எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறார், பாவம்.

காரணம் 'இன்றைய தேதி' என்று பெயர் வைத்த ஒரு வரி ஹெல்பர். ஜாவாஸ்கிரிப்டின் தேதிப் பொருளை 'டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்' என்ற மெத்தட் மூலம் எழுத்தாக்கி, முதல் 10 எழுத்துகளை வெட்டி எடுத்தது. பார்க்க அழகாக இருக்கும், இணையத்தில் எங்கும் இதே வரி கிடைக்கும். ஆனால் அந்த மெத்தட் தருவது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். 16ஆம் தேதி காலை 3:00 மணி என்பது யுடிசியில் 15ஆம் தேதி இரவு 9:30. ஆக நள்ளிரவு 12:00 முதல் காலை 5:30 வரை போடும் ஒவ்வொரு பில்லுக்கும் நேற்றைய தேதிதான். இந்தியாவில் இருந்தாலும் இலங்கையில் இருந்தாலும் இதே ஐந்தரை மணி நேரம். அலுவலக நேரத்தில் வேலை செய்யும் யார் கண்ணிலும் இது படாது.

திருத்தம் இரண்டு வகை. உலாவியில் மட்டும் ஓடுவதென்றால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரப்படி தரும் மெத்தட்களால் எடுத்துக் கோக்கலாம். மாதம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவதால் ஒன்று கூட்ட மறக்க வேண்டாம். ஆனால் அதே கோடு சர்வரிலும் ஓடுமானால் இது போதாது. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில் இருப்பதால் அங்கே 'உள்ளூர்' என்பதும் யுடிசிதான். அப்போது ஜாவாஸ்கிரிப்டில் மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ப வடிவமைக்கும் 'இன்ட்டெல்' பொருளின் தேதி வடிவமைப்பானிடம் 'ஏசியா/கொல்கத்தா' என்று நேர மண்டலத்தை வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். இலங்கைக்கு 'ஏசியா/கொழும்பு'.

இதன் தங்கை ஒன்று உண்டு. '2024-01-15' என்று தேதியை மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. கூடவே 'டி00:00' என்று நேரத்தையும் சேர்த்தால் உள்ளூர் நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. சென்னையில் முதலாவதைத் திரையில் காட்டினால் காலை 5:30 என்று வரும், தேதி தப்பாது. அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளர் அதே பக்கத்தைத் திறந்தால் 14 என்று காட்டும். "எங்களுக்குச் சரியாகத்தானே வருகிறது" என்று பதில் எழுதும் முன், கணினியின் நேர மண்டலத்தை மாற்றி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

திருத்தியதும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்டில் போலிக் கடிகாரம் வைக்கும் வசதி இருக்கிறது, பைத்தானில் ஃப்ரீஸ்கன். கடிகாரத்தைக் காலை மூன்று மணிக்கு நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். மதியம் பன்னிரண்டுக்கு வைத்து எழுதிய தேதி டெஸ்ட் இருந்தும் பயனில்லை.

அறிகுறி: ஆங்கிலத்தில் எல்லாம் சரி, தமிழ் வந்தால் உடைகிறது

இது நம் எல்லாருக்கும் உள்ள பிரச்சினை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்ட்ரிங் ஹெல்பர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஓர் எழுத்து என்றால் ஒரு குறியீடு, ஒரு பைட். நமக்கு அப்படியில்லை. 'தமிழ்' என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது 3 எழுத்து. நீளம் கேட்டால் ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானும் 5 என்று சொல்லும், ஏனென்றால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8இல் சேமித்தால் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. ஒரே சொல்லுக்கு மூன்று நீளம். மூன்றுமே சரி, தேவைதான் வேறு வேறு.

பெயரைச் சுருக்கிக் காட்டும்போது கடைசிப் புள்ளி காணாமல் போகிறதா? கண்ணன் 'கண்ணன' ஆகிவிட்டாரா? உங்கள் ஹெல்பர் குறியீடுகளை எண்ணி வெட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் 'இன்ட்டெல் செக்மென்ட்டர்' எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். பைத்தானில் ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் எழுத்துகளைப் பிரிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது. செக்மென்ட்டர் 'க்ஷ' என்பதை இரண்டாக எண்ணும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சொல் விளையாட்டு எழுதுபவர்கள் அதற்குத் தனி விதி சேர்க்க வேண்டியிருக்கும்.

அதற்காக எல்லா இடத்திலும் எழுத்து எண்ணிக்கைக்கு மாறிவிடாதீர்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் ஹெல்பருக்குக் குறியீட்டு எண்ணிக்கைதான் சரி. ஆங்கிலச் செய்தி 160 எழுத்து கொள்ளும், தமிழ் கலந்ததும் அது 70 குறியீடாகச் சுருங்கும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகி, ஒவ்வொரு துண்டிலும் 67தான் அடங்கும். இங்கே எழுத்தை எண்ணினால் 'ஒரு செய்தி' என்று நீங்கள் நினைத்து அனுப்புவதற்கு இரண்டு செய்திக்கான கட்டணம் வரும். ஆகவே 'நீளம்' என்ற பெயரில் ஹெல்பரே வேண்டாம். 'எழுத்து எண்ணிக்கை', 'குறியீட்டு எண்ணிக்கை', 'பைட் எண்ணிக்கை' என்று மூன்றாகப் பெயரிடுங்கள். கூப்பிடுபவர் எதைக் கேட்கிறார் என்று யோசித்தே ஆக வேண்டும்.

கட்டுரைத் தலைப்பிலிருந்து இணைய முகவரி செய்யும் ஹெல்பர் காலியான முகவரியைத் தருகிறதா? உள்ளே ரீஜெக்ஸ் (எழுத்துக் கோலத்தைத் தேடும் சூத்திரம்) இருக்கும், 'சொல் எழுத்து அல்லாத அனைத்தையும் நீக்கு' என்று எழுதியிருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் அந்தக் குறியீட்டுக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் சொல் எழுத்தே இல்லை. பைத்தான் நம் உயிர்களையும் க, ம போன்ற அகர எழுத்துகளையும் ஏற்கும், ஆனால் குறிகளையும் புள்ளியையும் ஏற்காது. 'தமிழ்' என்பதை அது 'தம', 'ழ' என்று இரண்டு சொல்லாகப் பிரித்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் யூனிகோட் கொடியை (ஃபிளாக்) போட்டு, எழுத்து வகை, குறி வகை, எண் வகை மூன்றையும் வெளிப்படையாக அனுமதியுங்கள். குறி வகையை விடுபவர்கள்தான் அதிகம், அதை விட்டால் புள்ளிகள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லையா? 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு, அல்லது ககரத்துடன் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை வர வாய்ப்பு அதிகம். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தே வைக்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். இரு மொழியிலும் 'நார்மலைஸ்' என்ற பெயரில் வசதி உண்டு. சேமிக்கும்போதே மாற்றிவிடுவது இன்னும் நல்லது. ஆனால் ஔகாரத்துக்குக் கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டச்சு செய்தவர்களை இந்த மாற்றம் காப்பாற்றாது. அது யூனிகோடின் பார்வையில் வேறு சொல், தனியாகத்தான் திருத்த வேண்டும்.

அறிகுறி: தனியாகக் கூப்பிட்டால் சரி, பட்டியல் முழுவதற்கும் கொடுத்தால் தப்பு

நான்கு '10' உள்ள பட்டியலை எண்ணாக மாற்ற 'மேப்'புக்குள் 'பார்ஸ் இன்ட்'டை அப்படியே போட்டுப் பாருங்கள். கிடைப்பது 10, நேன் ('எண் அல்ல'), 2, 3. 'மேப்' மதிப்பை மட்டும் அனுப்புவதில்லை, அது எத்தனையாவது என்ற வரிசை எண்ணையும் இரண்டாவதாக அனுப்புகிறது. 'பார்ஸ் இன்ட்' அந்த இரண்டாவதை எண் அடிமானமாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஹெல்பருக்கும் விருப்ப அளபுரு (பாராமீட்டர்) ஒன்றை இன்று சேர்த்தீர்கள் என்றால், நேற்றுவரை 'மேப்'புக்குள் ஒழுங்காக இருந்த இடமெல்லாம் சத்தமில்லாமல் கெடும். மதிப்பை மட்டும் கடத்தும் ஒரு சின்ன அம்பு ஃபங்ஷனால் சுற்றிக் கொடுத்தால் தீர்ந்தது.

அறிகுறி: ஒரு தடவை சரி, அடுத்த தடவை தப்பு

முதலில் சொன்ன 'நினைவில் வைத்திருக்கும்' வகை இது. பைத்தானில் அளபுருவின் இயல்பு மதிப்பாகக் காலிப் பட்டியலைக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தப் பட்டியல் ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகிறது. முதல் வாடிக்கையாளருக்குச் சேர்த்த பொருட்கள் இரண்டாமவரின் கூடையிலும் வந்து நிற்கும். இயல்பு மதிப்பை 'நன்' (மதிப்பே இல்லை) என்று வைத்து, உள்ளே புதுப் பட்டியல் உருவாக்குங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் சரிபார்க்கும் ஹெல்பர் ஒரே தொலைபேசி எண்ணுக்கு 'சரி', 'தப்பு' என்று மாறி மாறிச் சொன்னால், கோப்பின் மேலே அறிவித்த ரீஜெக்ஸில் 'ஜி' கொடி இருக்கும். அந்தக் கொடி இருந்தால் 'டெஸ்ட்' மெத்தட் கடைசியாக நின்ற இடத்தைக் குறித்து வைத்து, அடுத்த தடவை அங்கிருந்து தேடுகிறது. கொடியை எடுத்துவிடுங்கள். வரிசைப்படுத்தும் ஹெல்பரைக் கூப்பிட்ட பிறகு மூலப் பட்டியலும் இடம் மாறியிருந்தால், 'சார்ட்' மூலத்தையே மாற்றக்கூடியது என்பதுதான் காரணம். படி எடுத்து வரிசைப்படுத்துங்கள், அல்லது 2023இல் மொழிக்குள் வந்த 'டு சார்ட்டட்' பயன்படுத்துங்கள்.

ரியாக்டில் தேடல் பெட்டிக்கு டிபவுன்ஸ் (தட்டுவது நிற்கும்வரை காத்திருந்து ஒரே தடவை கூப்பிடும் ஹெல்பர்) போட்டும் ஒவ்வொரு தட்டலுக்கும் கோரிக்கை போகிறது என்றால் நிலைமை நேர் எதிர். நினைவில் வைக்க வேண்டியது மறந்துபோகிறது. காம்பொனன்டுக்குள்ளேயே டிபவுன்ஸை உருவாக்கினால் ஒவ்வொரு ரெண்டருக்கும் புதிது பிறக்கும், பழைய டைமர் அதற்குத் தெரியாது.

அறிகுறி: பூஜ்யம் கொடுத்தால் 'உள்ளிடவும்' என்று திட்டுகிறது

'காலியா' என்று கேட்கும் ஹெல்பர் பூஜ்யத்தையும் காலி என்கிறது. லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தின் 'ஈஸ் எம்ப்டி' பட்டியல், ஸ்ட்ரிங், பொருள் போன்றவற்றுக்காக எழுதப்பட்டது. அதனிடம் 7 கொடுத்தாலும் 'ஆம், காலி' என்றே சொல்லும். படிவத்தில் தள்ளுபடி 0 என்று நிரப்பியவர் நிரப்பாதவராகிவிடுவார். 'மதிப்பே இல்லை', 'வெற்று ஸ்ட்ரிங்', 'பூஜ்யம்' மூன்றையும் உங்கள் ஆப் எப்படிப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்து, அதையே பெயரில் எழுதுங்கள்.

அறிகுறி: எரரே இல்லை, ஆனால் தகவல் அழிந்துவிட்டது

அமைப்புகள் கோப்பைப் படிக்கும் ஹெல்பர், கோப்பு பழுதானால் எரரைப் பிடித்து விழுங்கிவிட்டு 'இல்லை' என்று திருப்பித் தரும். கூப்பிட்டவர் 'ஓ, புதுப் பயனர் போல' என்று இயல்பு அமைப்புகளை எழுதி, பழையதன் மேலேயே சேமித்துவிடுவார். கோப்பு இல்லாததும் கோப்பைப் படிக்க முடியாததும் வேறு வேறு. இரண்டாவதை ஹெல்பர் மறைக்கக் கூடாது, மேலே வீச வேண்டும்.

மறுமுயற்சி செய்யும் ஹெல்பரிலும் இதே ஆபத்து உண்டு, அங்கே போவது காசு. பதில் வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பணம் பிடித்த பிறகு பதில் வழியில் தொலைந்திருக்கலாம். பொதுவான மறுமுயற்சி ஹெல்பரை, சர்வரில் எதையாவது செய்யச் சொல்லும் போஸ்ட் கோரிக்கைக்கும் போட்டால் ஒருவரிடம் இரண்டு தடவை பணம் பிடிக்கும். கோரிக்கைக்கு ஒரு தனி அடையாளச் சாவி கொடுத்து, அதே சாவி மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே தரும்படி செய்யாமல் போஸ்டுக்கு மறுமுயற்சி வைக்காதீர்கள்.

ஆப் எழுதும் பதிவுகள் எல்லாம் ஹெல்பரின் ஒரே வரி எண்ணைக் காட்டினால், பைத்தான் 3.8 முதல் 'ஸ்டாக் லெவல்' என்ற அளபுரு இருக்கிறது. 2 என்று கொடுங்கள், உண்மையில் கூப்பிட்ட வரி தெரியும்.

அறிகுறி: இம்போர்ட்டே ஆகவில்லை

பைத்தான் 'பாதி மட்டும் தொடங்கிய மாட்யூல்' என்ற பொருளில் எரர் காட்டினால் சுற்று இம்போர்ட். யூட்டில்ஸ் மாடலை இம்போர்ட் செய்கிறது, மாடல் யூட்டில்ஸை இம்போர்ட் செய்கிறது. நோடின் பழைய மாட்யூல் முறையில் இதே கோளாறு 'இது ஃபங்ஷன் இல்லை' என்ற எரராக வரும். இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்குள் நகர்த்தினால் சரியாகிவிடும், இன்றிரவு ரிலீஸ் என்றால் செய்துகொள்ளுங்கள். நிலையான தீர்வு, ஹெல்பர் ப்ராஜெக்டின் வேறெந்தக் கோப்பையும் இம்போர்ட் செய்யாமல், தேவையானதை அளபுருவாக வாங்கிக்கொள்வது.

இருக்கும் ஃபங்ஷனை 'இல்லை' என்று சொன்னால் கோப்பின் பெயரைப் பாருங்கள். உங்கள் கோப்புக்கு 'ரேண்டம்' என்றோ 'ஈமெயில்' என்றோ பெயர் வைத்திருந்தால் பைத்தான் தன் சொந்த நிரலகத்தை விட்டுவிட்டு உங்களுடையதை எடுக்கும். 'யூட்டில்ஸ்' என்ற பெயருக்கும் இதே கதி. இரண்டு ரெப்போவில் அதே பெயர் இருந்தால் பாதையில் முதலில் வருவது ஜெயிக்கும். மாட்யூல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று அச்சிட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: இங்கே திருத்தினால் அங்கே உடைகிறது

எது உடைத்தது என்று தெரியாவிட்டால் கிட் பைசெக்ட் ஓட்டுங்கள். ஹெல்பர் சின்னது என்பதால் டெஸ்ட் எழுதி பைசெக்டிடம் கொடுப்பது சுலபம், அதுவே பாதி பாதியாகத் தேடிக் குற்றமுள்ள கமிட்டைக் காட்டும்.

ஆனால் இந்த அறிகுறி திரும்பத் திரும்ப வந்தால் நோய் வேறு. ஹெல்பரின் அளபுருக்களைப் பாருங்கள். தொகையை எழுதும் ஃபங்ஷனுக்கு 'ரூபாய்க் குறி வேண்டுமா', 'லட்சக் கமா வேண்டுமா', 'பைசாவை விடலாமா', 'பழைய ரிப்போர்ட்டுக்கா' என்று நாலு ஆம்/இல்லைகள் சேர்ந்திருக்கும். நாலு கொடி என்றால் 16 சேர்க்கைகள், நீங்கள் சோதித்தது மூன்றோ நாலோ. ஐந்தாவது கொடி சேர்த்து இன்றைய புகாரை முடிக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கூப்பிடும் இடங்களை எல்லாம் தேடி எடுத்து, எந்தச் சேர்க்கைகள் உண்மையில் பயன்படுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்றுதான் இருக்கும். பில்லுக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். ஐந்து வரி இரண்டு இடத்தில் திரும்ப வருவதை நான் குறையாக நினைப்பதில்லை. வேறு வேறு காரணத்துக்காக மாறக்கூடிய இரண்டு வேலைகளை ஒரே ஃபங்ஷனில் கட்டிப்போடுவதுதான் பின்னால் ராத்தூக்கத்தைக் கெடுக்கிறது.

அறிகுறி: நேற்று ஆன பில்ட் இன்று ஆகவில்லை, நீங்கள் எதையும் தொடவில்லை

வெளியிலிருந்து எடுத்த ஹெல்பரைச் சந்தேகியுங்கள். 2016 மார்ச் 22 அன்று 'லெஃப்ட்-பேட்' என்ற பொதி, ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டது. ஸ்ட்ரிங்கின் இடப் பக்கத்தை நிரப்பும் வெறும் 11 வரி. பேபல் உள்ளிட்ட பெரிய கருவிகள் அதைச் சார்ந்திருந்ததால் உலகமெங்கும் பில்ட்கள் விழுந்தன. அதைத் திரும்ப வைத்த பிறகுதான் பில்ட்கள் எழுந்தன. இப்போது பொதியை அப்படி நினைத்தவுடன் நீக்கிவிட முடியாது. இன்று பில்ட் திடீரென்று விழ அதிகக் காரணம் சார்புப் பொதியின் புதுப் பதிப்புதான். பொதிகளின் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பு கிட்டில் இருக்கிறதா, பில்ட் சர்வர் 'இன்ஸ்டால்' என்பதற்குப் பதில் 'சிஐ' கட்டளையை ஓட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது கட்டளை லாக் கோப்பில் உள்ள பதிப்பை அப்படியே நிறுவும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும்.

அப்புறம், அந்த ஹெல்பர் இன்னும் தேவையா என்றும் பாருங்கள். லெஃப்ட்-பேட் செய்த வேலை 2017 முதல் 'பேட் ஸ்டார்ட்' என்ற பெயரில் ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கிறது. முழுப் படி எடுக்க ஜேசானாக மாற்றித் திரும்பப் படிக்கும் பழைய ஹெல்பருக்குப் பதில் 'ஸ்ட்ரக்சர்ட் குளோன்' வந்துவிட்டது. பழையது தேதியை ஸ்ட்ரிங்காக்கிவிடும், புதியது தேதியாகவே வைத்திருக்கும், ஆனால் உள்ளே ஃபங்ஷன் இருந்தால் எரர் வீசும். மாற்றும்போது இந்த வித்தியாசத்துக்கு ஒரு டெஸ்ட் வையுங்கள். யாரும் கூப்பிடாத ஹெல்பர்களை ஜாவாஸ்கிரிப்டில் 'க்னிப்', பைத்தானில் 'வல்ச்சர்' காட்டித் தரும். பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்துக் கூப்பிடும் இடங்கள் அவற்றின் கண்ணில் படாது என்பதால் அழிக்கும் முன் பெயரைக் கோடு முழுக்க ஒரு தடவை தேடிவிட்டு, ஒவ்வொரு ஹெல்பரையும் தனித் தனி கமிட்டில் அழியுங்கள்.